விளையாட்டுப் பக்கத்துக்கு ஓர் ஆளைக் கொடுங்கள்: மலேசியத் தமிழ் நாளேடுகளின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மலேசியத் தமிழ் நாளேடுகளின் உரிமையாளர்கள், பங்குதாரர்கள், நாளை இவற்றை வாங்க எண்ணியிருக்கும் தமிழ்ச் செல்வந்தர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். டத்தோ, டத்தோஸ்ரீ, டான்ஸ்ரீ என்று பட்டம் சொல்லி ஒவ்வொருவரையும் தனித்தனியே விளித்து எழுதவில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். உங்களில் எவர் ஒருவரையும் குறிவைத்தும் இதை எழுதவில்லை. நான் கோலாலம்பூர் செந்தூலில் குடியிருப்பவன். ஒரு தமிழ் நாளேட்டுக்குப் பல ஆண்டுகள் பகுதிநேர விளையாட்டு நிருபராக எழுதியவன். இப்போது வாசகன் மட்டுமே. ஆனாலும் காலையில் நாளேட்டைக் கையில் எடுத்ததும் விளையாட்டுப் பக்கத்தைத்தான் முதலில் விரிக்கிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நாளேடு ஒவ்வொன்றிலும் விளையாட்டுக்கென்று ஒரு முழுநேர நிருபர் வேண்டும். மேசையில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவராக இல்லாமல் திடலுக்குப் போகிறவராக அவர் இருக்க வேண்டும். கணக்கு இடிக்கிற மாதத்தில் முதல் வெட்டு அவர்மீது விழாது என்று நீங்கள் எழுத்தில் உறுதி தர வேண்டும்.

இதை இப்போது எழுதத் தூண்டியது வாஷிங்டனிலிருந்து வந்த செய்தி. 2026 பிப்ரவரி 4ஆம் தேதி வாஷிங்டன் போஸ்ட் நாளேடு தன் ஊழியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரை வேலையிலிருந்து நீக்கியது. அதே நாளில் தன் விளையாட்டுப் பிரிவையும் மூடியது. சில நிருபர்களை மட்டும் வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டு, மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இத்தாலியில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்க அப்போது இரண்டே நாள் இருந்தது.

அந்த நாளேட்டின் உரிமையாளர் அமேசானை நிறுவிய ஜெஃப் பெசோஸ். கிரஹாம் குடும்பத்திடமிருந்து 2013இல் 250 மில்லியன் டாலருக்கு அதை வாங்கினார். இன்று அவருடைய சொத்து மதிப்போ 200 பில்லியன் டாலரைத் தாண்டியது. வாங்கிய காலத்தில் உலகமே அவரை வாழ்த்தியது. எங்களைப் போன்றவர்களும் மகிழ்ந்தோம். விளம்பர வருமானம் வற்றிப்போன காலத்தில், நட்டத்தைத் தாங்கும் தெம்புள்ள ஒருவர் கிடைத்துவிட்டார், இனிப் பயமில்லை என்றுதான் எல்லாரும் பேசினார்கள். முதல் சில ஆண்டுகளில் நிருபர்களின் எண்ணிக்கையும் கூடியது.

பிறகு நட்டம் வந்தது. 2023இல் 77 மில்லியன் டாலர் போனது என்று நிர்வாகமே சொன்னது. ஆனால் நட்டத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் கதை முழுமையாகாது. 2024 அதிபர் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, எந்த வேட்பாளரையும் ஆதரித்துத் தலையங்கம் வெளியிடுவதில்லை என்ற முடிவு உரிமையாளர் தரப்பிலிருந்து வந்தது. அடுத்த சில நாட்களில் 2,50,000க்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் விலகினார்கள். அந்த முடிவை எடுத்ததில் விளையாட்டு நிருபர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. வாசகர் போனதற்கு விலை கொடுத்தவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

என்னை உறுத்துவது இன்னொன்று. அதே பெசோஸின் அமேசான் நிறுவனம் 2022 முதல் என்எஃப்எல் எனும் அமெரிக்கக் காற்பந்து லீகின் வியாழக்கிழமை ஆட்டங்களை ஒளிபரப்ப ஆண்டுக்கு ஏறக்குறைய 1 பில்லியன் டாலர் கொடுக்கிறது. என்பிஏ கூடைப்பந்து ஆட்டங்களுக்கும் 11 ஆண்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. நாளேடு வேறு நிறுவனம், அமேசான் வேறு நிறுவனம் என்பது தெரியும். இருந்தாலும் பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பாருங்கள். விளையாட்டைக் காட்டுவதற்குப் பில்லியன் கணக்கில் கொடுக்க ஆள் இருக்கிறது. அந்த விளையாட்டை நடத்துகிறவர்களிடம் கேள்வி கேட்கச் சம்பளம் கொடுக்க ஆள் இல்லை. நம் நாட்டிலும் பணம் இதே பாதையில்தான் ஓடுகிறது. எல்லாப் பக்கமும் விளையாட்டு தெரிகிறது. கட்டணத் தொலைக்காட்சியில், கைப்பேசியில், மாமாக் உணவுக்கடையின் பெரிய திரையில் இங்கிலீஷ் லீக் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறை வாசலில் நின்று கேள்வி கேட்கிறவர் மட்டும் குறைந்துகொண்டே வருகிறார்.

அந்த வாஷிங்டன் விளையாட்டுப் பிரிவு என்ன செய்தது என்பதை ஒரே ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். 2020 ஜூலையில், தலைநகரின் அமெரிக்கக் காற்பந்துக் குழுவில் வேலை பார்த்த 15 பெண்கள், அங்கே தங்களுக்கு நேர்ந்த பாலியல் தொல்லைகளைச் சொன்னதை அந்த நாளேடு வெளியிட்டது. குழுவின் உரிமையாளர் டேனியல் ஸ்னைடரும் பெரும் பணக்காரர்தான். செய்திக்குப் பின் விசாரணைகள் நடந்தன. 2023 ஜூலையில் அவர் குழுவை 6.05 பில்லியன் டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறினார். லீக் அவருக்கு 60 மில்லியன் டாலர் அபராதம் போட்டது. ஊரறிந்த ஒரு குழுவின் அலுவலகத்துக்குள் நடந்தது வெளியே தெரிய, அந்த ஊர் நாளேட்டின் நிருபர்கள் பொறுமையாகக் கதவுகளைத் தட்ட வேண்டியிருந்தது. அதற்கும் அறுபது ஆண்டு முன்பு, அதே குழுவின் அன்றைய உரிமையாளர் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்க மறுத்துவந்ததை அதே நாளேட்டின் விளையாட்டுப் பத்தி எழுத்தாளர் ஷெர்லி போவிச் விடாமல் எழுதிக் கண்டித்தார். 1962இல்தான் அந்தக் குழு வழிக்கு வந்தது. போவிச் எழுபது ஆண்டுக்கும் மேலாக அங்கே எழுதி, 1998இல் இறந்தார். ஒரு நிருபரை அத்தனை காலம் ஒரே துறையில் விட்டுவைத்தால் என்ன விளையும் என்பதற்கு அவர் சான்று.

பணக்காரர் கைக்குப் போன நாளேடுகள் எல்லாம் இப்படித்தான் ஆகும் என்று சொல்லமாட்டேன். லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸை 2018இல் 500 மில்லியன் டாலருக்கு வாங்கிய மருத்துவர் பேட்ரிக் சூன்-ஷியோங், லேக்கர்ஸ் கூடைப்பந்துக் குழுவில் பங்கு வைத்திருந்தவர். அவருடைய நாளேடு 2023இல் ஆட்ட முடிவு அட்டவணைகளையும் புள்ளிப் பட்டியலையும் அச்சில் போடுவதை நிறுத்திவிட்டது. 2024 ஜனவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்களை நீக்கியது. பாஸ்டன் குளோப் கதை வேறு. அதை 2013இல் 70 மில்லியன் டாலருக்கு வாங்கிய ஜான் ஹென்றி, ரெட் சாக்ஸ் பேஸ்பால் குழுவுக்கும், இங்கே நம் பிள்ளைகள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கொண்டாடும் லிவர்பூல் குழுவுக்கும் உரிமையாளர். குழுவும் அவருடையது, குழுவைப் பற்றி எழுதும் நாளேடும் அவருடையது. ஆபத்தான சேர்க்கைதான். ஆனாலும் குளோப்பின் விளையாட்டுப் பக்கம் சாகவில்லை. ரெட் சாக்ஸ் பற்றிய செய்திகளில், அந்தக் குழுவின் உரிமையாளரே நாளேட்டுக்கும் உரிமையாளர் என்று வாசகருக்குச் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை மனத்தில் வைத்திருங்கள். கீழே அதைக் கேட்கப்போகிறேன். கோடீசுவரர் கையில் இல்லாத நியூயார்க் டைம்ஸும் 2023இல் தன் விளையாட்டுப் பிரிவைக் கலைத்துவிட்டு, தான் 550 மில்லியன் டாலருக்கு வாங்கிய தி அத்லெட்டிக் தளத்திடம் அந்த வேலையைக் கொடுத்தது. ஆக, உரிமையாளர் பணக்காரரா இல்லையா என்பதோடு பிரச்சினை முடிவதில்லை. விளையாட்டு நிருபரை எந்த நேரத்திலும் தூக்கிவிடலாம் என்ற எண்ணம் எல்லா முதலாளிகளிடமும் இருக்கிறது. பணக்கார முதலாளியிடம் யாரும் ஏன் என்று கேட்க முடிவதில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

1924இல் பிறந்த தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. இன்னும் ஐந்தாறு ஆண்டு இருந்திருந்தால் நூற்றாண்டு கண்டிருக்கும். 1896 முதல் வந்துகொண்டிருந்த, கோலாலம்பூர்க்காரர்கள் விளையாட்டுச் செய்திக்காகவே வாங்கிப் படித்த மலாய் மெயில், 2018 டிசம்பரில் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. மலேசியாவிலும் நாளேடும் விளையாட்டுக் குழுவும் ஒரே செல்வந்தர் கையில் இருந்த கதை உண்டு. 1993இல் தி சன் நாளேட்டைத் தொடங்கிய பெர்ஜாயா குழுமத்தின் வின்சென்ட் டான், 2010இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டி காற்பந்துக் குழுவை வாங்கினார். 2012இல் நூறாண்டு மரபுள்ள அதன் நீலச் சட்டையைச் சிவப்பாக்கினார். ரசிகர்கள் விடாமல் எதிர்த்தார்கள். 2015இல் நீலம் திரும்பியது. அந்த ரசிகர்களுக்குச் சட்டையின் நிறத்தில் ஓர் உரிமை இருந்தது. அதைக் கேட்டு வாங்கினார்கள். நாளேட்டின் வாசகருக்கும் அப்படி ஓர் உரிமை உண்டு என்று நம்புகிறேன். அந்த உரிமையில்தான் இந்த மடலையே எழுதுகிறேன்.

உங்கள் நாளேட்டின் விளையாட்டுப் பக்கத்தை இன்று எடுத்துப் பாருங்கள். மேலே பாதிப் பக்கம் இங்கிலீஷ் லீக். வெளிநாட்டு நிறுவனத்தின் செய்தியைத் தமிழில் தந்தது. அதற்குக் கீழே ஐபிஎல் அல்லது இந்திய கிரிக்கெட். சென்னையில் எழுதியது அப்படியே வந்திருக்கும். ஓரத்தில் ஒரு பரிசளிப்புப் படம். அந்தப் படத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். நடுவில் டத்தோ ஒருவர் கிண்ணத்தைப் பிடித்திருப்பார். அவருக்கு இரு பக்கமும் ஏற்பாட்டுக் குழுத் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், புரவலர்கள். கிண்ணத்தை வென்ற பிள்ளைகள் தரையில் குந்தியிருப்பார்கள். சில முகங்கள் பாதி மறைந்திருக்கும். படத்தின் கீழே உள்ள குறிப்பில் நிற்பவர்கள் அத்தனை பேரின் பெயரும் பட்டத்தோடு இருக்கும். குந்தியிருப்பவர்களில் ஒருவர் பெயரும் இருக்காது. இறுதியாட்டம் எத்தனைக்கு எத்தனை என்பதுகூடச் சில நாள் இருக்காது. யார் கோல் போட்டது, எந்த நிமிடத்தில், தோற்ற பள்ளி எது என்பதற்கெல்லாம் இடமே இல்லை.

உதவி ஆசிரியர்மீது எனக்குக் கோபமில்லை. சங்கத்தின் செயலாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமும் நான்கு வரியும் மட்டுமே அவருக்குக் கிடைக்கின்றன. அவர் அதே மாலையில் கோயில் செய்தி, கட்சிச் செய்தி, மரண அறிவிப்பு என்று எல்லாவற்றையும் கவனிக்க வேண்டியவர். அனுப்பியதைத்தான் போட முடியும். அனுப்புகிறவர் தனக்கு வேண்டியவர்களின் பெயரைத்தான் எழுதுவார்.

நான் எழுதிய காலத்தில், ஒரு சனிக்கிழமை, செந்தூல் பக்கத்துத் திடல் ஒன்றில் தமிழ்ப்பள்ளிகளுக்கிடையிலான ஓட்டப்பந்தயம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட மாணவிகளின் 200 மீட்டர். கோடு போட்டிருந்த சுண்ணாம்பு காலை மழையில் பாதி கரைந்திருந்தது. வென்ற மாணவி காலணி இல்லாமல் ஓடினாள். ஓடி முடித்ததும் நேராகப் பயிற்றுநரிடம் போய், எத்தனை வினாடி என்றுதான் கேட்டாள். இரண்டு ஆசிரியர்களின் கடிகாரங்களும் இரண்டு வேறு நேரம் காட்டின. எது சரி என்று அவர்கள் பேசி முடிக்கும் வரை நான் காத்திருந்தேன். அவள் பெயரில் அந்தப் பள்ளியிலேயே இருவர் இருந்தார்கள். ஆகவே தகப்பனார் பெயரின் முதலெழுத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன். பள்ளி, வயது, நேரம், இரண்டாவதாக வந்தவளின் பெயர் எல்லாம் குறிப்பில் இருந்தன. மறுநாள் நாளேட்டில் வந்தது நிகழ்ச்சியைத் திறந்துவைத்தவரின் உரை மட்டுமே. விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் வந்துவிட்டது, முடிவுகளை எடுத்துவிட்டோம் என்றார்கள். திங்கட்கிழமை அந்தப் பள்ளியிலிருந்து தலைமையாசிரியை தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை. 'ஐயா, பிள்ளை நாளேட்டை வாங்கிவரச் சொல்லி அவள் அப்பா காலையிலேயே கடைக்குப் போயிருக்கிறார்' என்று மட்டும் சொன்னார். என்னால் எந்தப் பதிலும் சொல்ல முடியவில்லை.

ஒரு பெயர் அச்சில் வருவதற்கு இத்தனை வேலை இருக்கிறது. இரண்டு கடிகாரங்களில் எது சரி என்று யாராவது நின்று கேட்க வேண்டும். ஆட்டக்காரர் பட்டியலைச் சட்டை எண்ணோடு ஒப்பிட வேண்டும். தோற்றவர்களிடமும் பேச வேண்டும். வாட்ஸ்அப் செய்தி இதைச் செய்யாது.

பெயர் வருவதால் என்ன பயன் என்று உங்களில் யாராவது கேட்கலாம். தாப்பாவில் பிறந்த மு. ராஜமணி 1966இல் பாங்காக் ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். அந்த ஆண்டு நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதும் அவருக்கே. அதே பாங்காக்கில் மு. ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வென்றார். கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தின் நீண்ட கைகளைப் பற்றி இன்றும் பெரியவர்கள் பேசுகிறார்கள். 1998இல் இதே கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் தங்கம் பெற்றார். இவர்களில் யாரும் ஒரே நாளில் ஆசியப் போட்டிக்குப் போய்விடவில்லை. அதற்கு முன்னால் ஒரு பள்ளி, ஒரு மாவட்டம், ஒரு மாநிலம் என்று வரிசையாக இருந்தது. அந்த வரிசையின் முதல் படிகளை அன்றைய ஏடுகளில்தான் தேட வேண்டும். நாளை ஒருவர் நம் சமூகத்தின் விளையாட்டு வரலாற்றை எழுத உட்கார்ந்தால், 2010க்குப் பிந்திய ஆண்டுகளுக்கு அவருக்குக் கிடைப்பது டத்தோக்களின் படங்களாகத்தான் இருக்கும். இதை எழுதும்போதே மனம் கனக்கிறது.

உலக நிலைக்கு வந்துவிட்டவர்களைப் பற்றிக் கவலை இல்லை. அவர்களை எல்லா மொழி நாளேடுகளும் எழுதும். 2025இல் பாரிஸ் உலகப் பூப்பந்துப் போட்டியில் கிள்ளான் பெண் மு. தீனா, பெர்லி டானோடு சேர்ந்து வெள்ளி வென்றது முதல் பக்கத்திலேயே வந்தது. 2022இல் சாலை விபத்தில் படுகாயமடைந்த சு. சிவசங்கரி மீண்டு வந்து, 2024இல் லண்டனில் ஸ்குவாஷ் பட்டம் வென்றதும் அப்படியே. தீனாவுக்கும் சிவசங்கரிக்கும் முந்திய கட்டத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகள் யார்? எந்தத் தமிழ்ப்பள்ளியில் பூப்பந்து மட்டை இல்லாமல் பயிற்சி நிற்கிறது? எந்தப் பயிற்றுநர் தன் கைக்காசைப் போட்டு வேன் வாடகை கட்டுகிறார்? இதை ஆங்கில நாளேடோ மலாய் நாளேடோ எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதாவிட்டால் யாரும் எழுதமாட்டார்கள்.

பெயர் குறிப்பது பாதி வேலை. கேள்வி கேட்பது மறுபாதி. 2025 ஜூன் 10ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியக் காற்பந்துக் குழு வியட்னாமை 4-0 என்று வென்றபோது நாடே துள்ளியது. நானும் துள்ளினேன். அந்த ஆட்டத்தில் களமிறங்கியவர்களில் வெளிநாட்டில் பிறந்த எழுவர், மலேசிய வம்சாவளியினர் என்று புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். செப்டம்பரில் ஃபிஃபா அவர்களுடைய ஆவணங்கள் போலியானவை என்று முடிவு செய்து, எழுவருக்கும் 12 மாதத் தடையும் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு (எஃப்ஏஎம்) 3,50,000 சுவிஸ் ஃபிராங் அபராதமும் விதித்தது. நவம்பரில் மேல்முறையீட்டையும் நிராகரித்தது. அவர்களுடைய தாத்தா பாட்டிகளில் சிலர் பினாங்கிலும் மலாக்காவிலும் பிறந்ததாகக் காட்டியிருந்தார்கள். ஃபிஃபா தேடியெடுத்த மூலப் பிறப்புச் சான்றிதழ்களோ அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து என்று சொல்லின.

பினாங்கு எங்கே இருக்கிறது? கோலாலம்பூரிலிருந்து ஐந்து மணி நேர பஸ் பயணம். ஜார்ஜ்டவுனில் பிறந்தவர் என்று ஒருவரைச் சொன்னால், எந்தத் தெரு, எந்த மருத்துவமனை, எந்தக் குடும்பம் என்று விசாரிக்க அந்த ஊரில் நம்மவர்களே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு விளையாட்டு நிருபருக்கு இரண்டு வாரம் கொடுத்து, போய்ப் பார்த்து வா என்று அனுப்பினால் போதும். அவர் எல்லாவற்றையும் கண்டுபிடித்திருப்பார் என்று அடித்துச் சொல்லமாட்டேன். கேள்வியாவது அச்சில் வந்திருக்கும். சூரிச்சில் இருக்கும் ஃபிஃபாக்காரர்கள் சொல்லி நாம் தெரிந்துகொள்ளும் நிலை வந்திருக்காது. 1994இல் நம் லீகை உலுக்கிய சூதாட்ட ஊழலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டு, ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களுமாக 21 பேர் நீக்கப்பட்டு, 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த அடியை வாங்கிய நாட்டில் காற்பந்துச் சங்கத்தைக் கண்காணிக்கும் நிருபர்கள் பெருகியிருக்க வேண்டும்.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். வருமானம் இல்லை. வாசகர் வயதானவர், இளைஞர் கைப்பேசியில் பார்க்கிறார். காகித விலை ஏறிவிட்டது. எல்லாம் உண்மை. நாளேடு நடத்துவது இன்று லாபமான தொழில் இல்லை என்பதையும், உங்களில் பலர் வேறு தொழிலில் சம்பாதித்ததை இதில் போடுகிறீர்கள் என்பதையும் மதிக்கிறேன். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். லிவர்பூல் ஆட்டத்தின் முடிவு, ஆட்டம் முடிந்த நொடியில் எல்லார் கையிலும் இருக்கிறது. மறுநாள் காலை அதை அச்சிட்டு வாசகரிடம் விற்க முயல்வதற்குத்தான் அந்தக் காகிதம் செலவாகிறது. செந்தூல் திடலில் நடந்தது வேறு எங்கும் கிடைக்காது. கிடைக்காததை விற்பதுதான் வியாபாரம்; இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் நாளேட்டில் வந்ததா என்று தேடும் குடும்பங்கள் இருக்கின்றன.

செல்வந்தரின் ஆர்வத்தை மட்டும் நம்பி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நம் காற்பந்திலேயே ஓர் அனுபவம் இருக்கிறது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் குழு 2016இல் எஃப்ஏஎம் கிண்ணத்தை வென்று மேல்நிலைக்கு உயர்ந்தது. பிறகு பெட்டாலிங் ஜெயா நகரின் பெயரை ஏற்று, தனியார் குழுமம் ஒன்றின் ஆதரவில் சூப்பர் லீகில் ஆடியது. 2022 சீசன் முடிந்ததும் லீகிலிருந்து விலகிக்கொண்டது. நடத்தியவர்களுக்குத் தங்கள் காரணங்கள் இருந்தன. அவர்கள் செய்த செலவையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குழுவை நம்பிப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு அடுத்த நாள் போக இடமில்லை. ஓர் ஆள் விரும்பும்வரை ஓடுவது, அவர் விரும்பாத அன்று நிற்கும். குழு நின்ற மாதிரி பக்கமும் நிற்க விடாதீர்கள்.

ஆகவே நான் கேட்பது. முழுநேர நிருபரைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். ஒரே நாளேட்டால் முடியாவிட்டால், இரண்டு மூன்று நாளேடுகள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டு ஒருவரை வையுங்கள். போட்டி வேறு இடத்தில் இருக்கட்டும். ஈப்போ, ஜார்ஜ்டவுன், ஜொகூர் பாரு ஆகிய ஊர்களில் பகுதிநேர நிருபர்களுக்கு எழுதும் செய்திக்கு ஒரு நியாயமான தொகையும் போக்குவரத்துச் செலவும் கொடுங்கள். இன்று பலர் பெயருக்காக இலவசமாக எழுதுகிறார்கள். இலவசமாக எழுதுகிறவரிடம், சங்கத் தலைவரைச் சங்கடப்படுத்தும் கேள்வியைக் கேள் என்று நீங்கள் சொல்ல முடியாது.

உங்களுக்கு ஒரு விளையாட்டுச் சங்கத்தில் பதவியோ, ஒரு குழுவில் பங்கோ, ஒரு கிண்ணப் போட்டியில் புரவலர் என்ற பெயரோ இருந்தால், அதைப் பற்றிய செய்தியின் கீழே ஒரு வரி போடுங்கள்: இந்தச் சங்கத்தின் தலைவர் இந்த நாளேட்டின் உரிமையாளர் என்று. பாஸ்டனில் செய்கிறார்கள். இங்கேயும் செய்யலாம். வாசகர் உங்களை அதற்காக மதிப்பார். பரிசளிப்புப் படத்தில் ஆட்டக்காரர் பெயர் இல்லாவிட்டால் படமே வராது என்று ஒரு விதி வையுங்கள். ஒரே மாதத்தில் எல்லாச் சங்கச் செயலாளர்களும் பட்டியலோடு அனுப்புவார்கள். இதற்கு ஒரு சென்னும் செலவில்லை.

நாளேட்டை வாங்க எண்ணியிருக்கும் செல்வந்தர்களுக்குத் தனியே ஒரு சொல். வாங்கும் நாளில் எல்லாரும் உங்களைப் போற்றுவார்கள், மாலை போடுவார்கள். அந்த நாளிலேயே, ஆசிரியர் குழுவின் முடிவில் தலையிடமாட்டேன், நட்டம் வந்தால் எந்தப் பிரிவை மூடுவது என்பதை ஆசிரியரோடும் ஊழியரோடும் பேசித்தான் முடிவெடுப்பேன் என்று எழுதிக் கையொப்பமிட்டு, அதே நாளேட்டின் முதல் பக்கத்தில் வெளியிடுங்கள். 2025இல் மலேசிய ஊடக மன்றச் சட்டம் நடப்புக்கு வந்து, மன்றமும் அமைந்திருக்கிறது. உங்கள் உறுதியின் ஒரு படியை அந்த மன்றத்திடமும் கொடுத்துவையுங்கள். வாஷிங்டனில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் பெசோஸ் கட்டுப்பட்டிருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. குறைந்தது அங்கிருந்த நிருபர்கள் காட்டிக் கேட்க ஒன்று இருந்திருக்கும்.

2027இல் சீ எனப்படும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி மலேசியாவுக்கு வருகிறது; பினாங்கிலும் ஆட்டங்கள் நடக்கும். அதற்கடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஸ்குவாஷ் இடம்பெறுகிறது. அந்த அரங்குகளில் உங்கள் நாளேட்டின் சார்பில் யார் உட்கார்ந்திருப்பார், அவரை எந்த மாதத்தில் வேலைக்கு எடுக்கிறீர்கள் என்பதை உங்கள் நாளேட்டிலேயே வாசகர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் பகுதிநேர விளையாட்டு நிருபர், இந்நாள் வாசகன்
செந்தூல், கோலாலம்பூர்